எஞ்சினை அணைத்துக் கடக்கும் மலை

என் அன்பு அத்தானுக்கு,

நம் மகள் ரேச்சல் போன மாதம் அலாஸ்காவிலிருந்து வீட்டுக்கு வந்தாள். நீங்கள் போன அதே மலைக்குத்தான் அவளும் போயிருந்தாள். நீங்கள் கண்மூடிவிட்ட பிறகும் இதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சுரங்கக் கம்பெனிக்காகக் கல் ஆராயப் போய் வந்த அந்தக் கோடையில் நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. சாலையே இல்லாத காட்டில், ஆற்றோரம் தனியாக நிற்கும் கிரானைட் மலை. அடிவாரம் வந்ததும் அங்குள்ள பூர்வகுடி மக்கள் படகின் எஞ்சினை அணைத்துவிட்டுத் துடுப்புப் போடுவார்களாம். யாரும் பேசமாட்டார்களாம். இறந்த முன்னோர்கள் அந்தக் கல்லுக்குள் உறங்குகிறார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. நான் சிரித்தேன்.

“சிரிக்காத ஸ்டெல்லா. நாம வந்தது அதுக்குத் தெரியுது.”

அதற்குமேல் நீங்கள் வாயே திறக்கவில்லை. மறு வருடம் கம்பெனி கூப்பிட்டபோது முதுகுவலி என்று சொல்லி நின்றுவிட்டீர்கள். அங்கே என்னதான் பார்த்தீர்கள்?

இப்போது வேறொரு கம்பெனி. உங்கள் படிப்பையே படித்த ரேச்சலுக்கு அங்கே வேலை. நீங்கள் சொன்னதை அவளிடம் சொல்லிப் பார்த்தேன். “மாம், இட்ஸ் ஜஸ்ட் எ ராக்,” என்று பெட்டியை மூடினாள்.

அடிவாரத்திலேயே கூடாரம் போட்டார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்ட படகுக்காரி அன்னா, அந்த ஊர்க்காரி. அங்கே இறங்காதீர்கள், எதிர்க்கரையில் தங்குங்கள் என்று கெஞ்சினாளாம். மேனேஜர் கேட்கவில்லை. மறுநாளே துளை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒரு மாலை, நான் ஃப்ரீவேயை விட்டு இறங்கும்போது ரேச்சல் சாட்டிலைட் போனில் கூப்பிட்டாள். வழக்கம்போல் சத்தமாக, “கேக்குதாம்மா?” என்றேன்.

“அம்மா, சத்தமா பேசாத. மேல ஏதோ கேக்குது.”

டேகேர் போன நாளிலிருந்து எனக்குத் தமிழில் பதில் சொல்லாத பெண். அவள் குரலுக்குப் பின்னால் எனக்கும் அது கேட்டது. தூக்கத்தில் யாரோ பல்லைக் கடிப்பதுபோல் இருந்தது. பிறகு லைன் போய்விட்டது. காரை ஓரமாக நிறுத்திவிட்டு ஜெபம் பண்ணினேன்.

யாரும் கூப்பிடாமலே அன்னா படகோடு வந்திருக்கிறாள். எல்லோரையும் அக்கரை சேர்த்திருக்கிறாள். துளை போடும் ஆள் ஒருவர் மட்டும் மெஷினை நிறுத்தி வருகிறேன் என்று பின்தங்கிவிட்டார். மலையின் ஒரு பக்கம் அப்படியே சரிந்தது. அவர் உடல்கூடக் கிடைக்கவில்லை, அத்தான்.

விரிசல்களில் உறைந்திருந்த பனி உருகுகிறது, அதனால்தான் என்கிறாள் ரேச்சல். காரணம் தெரிந்தவள்தான். ஆனாலும் சமையலறையில் ஒரு ஸ்பூன் விழுந்தால் எழுந்து நின்றுவிடுகிறாள்.

அதைத் தற்செயல் என்று சொல்லிவிட்டு, மலையின் மறுபக்கம் துளை போடப் போகிறது கம்பெனி. ஊர்க்காரர்கள் கூட்டம் கூட்டியிருக்கிறார்கள். ரேச்சல் வந்து கண்ணால் கண்டதைச் சொல்ல வேண்டும் என்று அன்னா போனில் கேட்டாள். மறுபக்கமும் விரிசல் விட்டிருக்கிறதாம்; போன வாரம் விரல் நுழைந்த இடத்தில் இப்போது கை நுழைகிறதாம். கூட்டம் நடக்கப்போவது அந்தப் பக்கம் சரிந்தால் பாறை வந்து விழக்கூடிய தூரத்தில் உள்ள ஊரில்.

போனால் வேலை போய்விடும் என்று ரேச்சலுக்குத் தெரியும். “அப்பா யார்கிட்டயும் சொல்லல. நான் சொல்லணும்மா,” என்றாள், இதையும் தமிழில்.

உங்களைக் குறை சொல்லவில்லை. பயம் எப்படி இருக்கும் என்று இப்போது எனக்கும் தெரியும். அவளைத் தனியே அனுப்ப மனமில்லை. எனக்கும் டிக்கெட் போட்டுவிட்டேன். அவள் பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். முடித்ததும் ஒரு ராத்திரிகூட அங்கே தங்கவிடாமல் அவளைக் கூட்டிக்கொண்டு வருவேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

உங்கள் மனைவி,
ரேச்சலின் அம்மா,
ஸ்டெல்லா
சுகர் லேண்ட்