கிடைத்துவிட்டதாம்

ஜூன் 3, செவ்வாய்

ஆபீஸ் கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் புது சிஸ்டம் போட்டாயிற்று. மூலையெல்லாம் மழுங்கி, ஐகான்கள் மிட்டாய் மாதிரி ஆகி, பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. வேலைதான் ஓடவில்லை.

தேடும் பெட்டியில் ‘மாடிப்படி’ என்று அடித்தேன். போன வாரம் ஒரு கட்டிடத்துக்கு நானே வரைந்த படம், நானே வைத்த பெயர். வளையம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் இணையத்துக்குப் போய், மாடிப்படி ஏறினால் இடுப்புச் சதை குறையும் என்று ஒரு கட்டுரையைக் கொண்டுவந்து நீட்டியது. நான் கேட்டேனா?

பக்கத்து மேஜைக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் டபுள் கண்ணாடி. ஒன்று கண்ணில், ஒன்று நெற்றியில். “புதுசு புதுசுன்னு சொல்லிட்டு நம்ம கண்ணைப் புடுங்கிட்டாங்கம்மா” என்றார். சிரித்துவிட்டேன். படம் மட்டும் கிடைக்கவில்லை. திரும்ப வரைந்தேன்.

ஜூன் 5, வியாழன்

அக்கா போன் செய்தாள். அவர்கள் அடுக்குமாடியில் தண்ணீர் போதவில்லையாம், மொட்டை மாடியில் இன்னொரு தொட்டி வைக்கப் போகிறார்களாம். “உங்க இன்ஜினியர் சார்தானேடி எங்க கட்டிடத்துக்குக் கணக்கு போட்டவரு? தாங்குமான்னு ஒரு வார்த்தை எழுதி வாங்கிக் குடு.”

சரி என்றேன். பிறகு அரை மணி நேரம் வீட்டுப் புராணம். பெரியவனுக்குப் பல் விழுந்தது, சின்னது எதையும் சாப்பிடுவதில்லை, அத்தானுக்கு எதிலும் அக்கறை இல்லை, குளியலறைக் கதவு சாத்த மாட்டேன் என்கிறது. எல்லாம் ஒரே மூச்சில்.

ஜூன் 6, வெள்ளி

சாரிடம் சொன்னேன். “அதுக்கென்ன, குடுத்துடலாம். குளத்து வேலையோட மண் ரிப்போர்ட்டை எடுத்து வைம்மா” என்றார்.

எங்கள் ஆபீஸில் கட்டிடங்களுக்கு முகவரி கிடையாது, பட்டப்பெயர்தான். அக்கா இருக்கும் ஆறு மாடிக்குக் ‘குளத்து வேலை’ என்று பெயர். ஒரு காலத்தில் அங்கே குளம் இருந்தது. மண் கொட்டி மூடிவிட்டு மேலே கட்டினார்கள். அப்படிப்பட்ட இடத்தில் மெஷினை இறக்கித் துளை போட்டு, அடியில் இருக்கும் மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்த்த பிறகுதான் அஸ்திவாரக் கணக்கே தொடங்கும். அந்த ரிப்போர்ட்டைத்தான் கேட்கிறார்.

தேடினேன். வளையம் சுற்றியது. மீன் தொட்டி விலைப்பட்டியல் வந்தது.

ஜூன் 9, திங்கள்

வளையம். தலைவலி. “எங்கயாவது இருக்கும், நல்லா தேடு” என்று சார் இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

ஜூன் 10, செவ்வாய்

கம்ப்யூட்டர்காரரைப் பிடித்து உலுக்கிவிட்டேன். “இந்தத் தேடலைக் கண்டுபுடிச்சவன் கையில கிடைச்சான்னா...” என்று ஆரம்பித்தேன். மனிதர் பயந்துபோய் ஒரு குட்டி மென்பொருளை ஏற்றிக் கொடுத்தார். “இது ஓசிதான் மேடம். ஆனா டிஸ்க்ல இருக்கற அத்தனை கோப்போட பேரும் இதுக்கு மனப்பாடம். இருந்தா சொல்லும், இல்லன்னா இல்லன்னு சொல்லும். நடுவுல பேசாது.”

ஆஹா! ‘மா’ என்று அடித்ததுமே மாடிப்படி வந்து நின்றது. போன வாரம் தொலைந்தது மட்டுமில்லை, எல்லா வருஷத்து மாடிப்படிகளும். என்றைக்குப் பிறந்தது, எவ்வளவு பெரியது, எந்த ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கிறது, எல்லாம் ஒரே வரியில். டபுள் கண்ணாடி இரண்டு கண்ணாடியையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஆளாளுக்குத் தொலைத்ததையெல்லாம் என் மேஜைக்கு வந்து கேட்டார்கள். ராஜ மரியாதை.

மதியம் ‘குளம்’ அடித்தேன். படங்கள், கம்பிக் கணக்கு, தூண், தொட்டி, எல்லாம் மளமளவென்று இறங்கின. ‘குளம் மண்’ என்று அடித்தேன்.

திரை வெள்ளையாக இருந்தது. கீழே ஒரு பூஜ்யம்.

ஜூன் 11, புதன்

ஆபீஸ் முழுக்க ஒரே பேச்சு: சிஸ்டம் மாற்றும்போது அழிந்திருக்கும். சார்கூட அதையே சொன்னார். கொஞ்சம் சீக்கிரமாகவே சொன்னது போல எனக்குத்தான் பட்டதா?

மாற்றுவதற்கு முன்னால் இருந்த பழைய டிஸ்க் அலமாரியில் இருக்கிறது. கம்ப்யூட்டர்காரர் அதை மாட்டினார். அதிலும் தேடினோம். பாறை வேலைக்கு மண் ரிப்போர்ட் இருக்கிறது. மூலை வீட்டுக்கு இருக்கிறது. குளத்து வேலைக்கு மட்டும் ஃபோல்டர் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. அப்கிரேட் எதையும் தின்னவில்லை. தின்ன அங்கே ஒன்றும் இருந்ததே இல்லை.

ஒன்று புரிகிறது. மட்டமான தேடல் ஒரு விதத்தில் புண்ணியம் கட்டிக்கொண்டது. கிடைக்காவிட்டால் தேடலைத் திட்டிவிட்டு, எங்கேயோ இருக்கும் என்று வீட்டுக்குப் போகலாம். இந்தக் குட்டி மென்பொருள் அப்படி விடாது.

ஜூன் 12, வியாழன்

எங்கள் பழக்கம் எனக்குத் தெரியும். புது வேலை வந்தால் யாரும் முதலில் இருந்து ஆரம்பிப்பதில்லை. அதே அளவு மாடி உள்ள பழைய வேலையை அப்படியே நகல் எடுத்து, பெயரை மாற்றி, உள்ளே ஒவ்வொன்றாகப் புதுசை வைப்போம். புது மண் ரிப்போர்ட் வரும் வரைக்கும் கணக்குத் தாளில் பழைய எண்ணே இருக்கும். வந்ததும் மாற்ற வேண்டும்.

வராவிட்டால்?

குளத்து வேலையின் கணக்குத் தாளைத் திறந்தேன். பாறை வேலையின் தாளைப் பக்கத்தில் வைத்தேன். பாறை வேலை மலையடிவாரத்தில் கட்டிய விடுதி, கடப்பாரை இறங்காத இடம். மண் தாங்கும் பாரம் என்ற கட்டத்தில் இரண்டிலும் ஒரே எண். புள்ளிக்கு அப்புறம் வருவதுகூட அதேதான்.

பாறைக்குப் போட வேண்டிய அஸ்திவாரத்தைக் குளத்தில் போட்டிருக்கிறார்கள். ஆறு மாடி. நாலாவது மாடியில் என் அக்கா.

ஒருவேளை எண்ணை மட்டும் மாற்ற மறந்து, அஸ்திவாரத்தைச் சரியாகப் போட்டிருப்பார்களோ? அஸ்திவாரப் படத்தையும் பார்த்துவிட்டேன். இல்லை.

ஜூன் 13, வெள்ளி

எங்கள் எல்லா வேலைக்கும் துளை போட்டு மண் எடுப்பவருக்குப் போன் செய்தேன். மண்ணண்ணன் என்போம். ஆபீஸுக்கு வெளியே படிக்கட்டில் நின்றுகொண்டு பேசினேன், ஏதோ திருடி மாதிரி.

“அந்தக் குளத்து இடமா? மிஷினை எப்ப கொண்டாரட்டும்னு கேட்டேன்மா. சொல்றேன்னாரு உங்க சாரு. அப்புறம் அந்தப் பக்கம் போனா மாடி ஏறிக்கிட்டிருக்கு. சரி, வேற ஆளை வெச்சுப் பாத்துட்டாங்க போலன்னு நெனச்சேன்.” பிறகு அவரே கேட்டார். “பாத்தாங்கதானே?”

நான் ஏதோ சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூன் 14, சனி

அக்கா வீட்டுக்குப் போனேன். சும்மா வந்தேன் என்றேன்.

குளியலறைக் கதவைப் பார்த்தேன். மரம் ஊறியிருக்கும் என்று நானாக நினைத்திருந்தேன். அது பிளாஸ்டிக் கதவு. பிளாஸ்டிக் எங்கேயாவது ஊறுமா? கதவு கதவாகத்தான் இருக்கிறது, நிலைதான் கோணியிருக்கிறது. அடுப்பில் வாணலி வைத்தால் எண்ணெய் ஒரு பக்கமாகப் போய் நின்றுகொள்கிறது. அக்கா அடுப்புக் காலுக்குக் கீழே அட்டையை மடித்து வைத்திருக்கிறாள். “இந்த வீட்டு மேடையே அப்படித்தான்டி” என்று சொல்லிக்கொண்டே கிளறுகிறாள்.

சொல்லிவிட்டேன். உளறிக் கொட்டினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அத்தான் டிவியை நிறுத்தினார். “அப்ப மொத்தக் கட்டிடமும் விழுந்துடும்ங்கறியா?” என்றார். விழும் என்று எனக்கு எப்படித் தெரியும்? விழாது என்றும் யாருக்கும் தெரியாது என்பதுதானே விஷயம்! “தொட்டி மட்டும் வைக்க வேணாம். யாராவது வந்து மண்ணைப் பாக்கற வரைக்கும் என் வீட்டுல வந்து இருங்க. கால்ல வேணா விழறேன்க்கா.”

என் முகத்தைப் பார்த்து அக்கா பயந்துவிட்டாள். பிள்ளைகளின் துணியை எடுத்து வைத்தாள். இரண்டு ரூம் வீட்டில் ஐந்து பேர். இருக்கட்டும். பெரியவன் என் தலையணையைப் பிடுங்கிக்கொண்டான்.

ஜூன் 16, திங்கள்

சார் அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். மண் பார்க்கவே இல்லையா சார்?

பேனா மூடியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி... முகம் வெளுத்துவிட்டது. பாவமாகக்கூட இருந்தது. நல்ல மனுஷர்தான், எனக்கு உடம்பு சரியில்லாதபோது வீடு தேடி வந்தவர். பிறகு சொன்னார்: “இருந்துதும்மா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அப்கிரேட்ல போயிருக்கும்.”

“பழைய டிஸ்க்லயும் இல்ல சார்.”

“நான் பாத்துக்கறேன். நீ யார்கிட்டயும் பேசாத.”

பேசியாயிற்று. அக்கா நேற்றே கட்டிடச் சங்கச் செயலாளரிடம் சொல்லிவிட்டாள். அவர் ரிப்போர்ட் கேட்டு சாருக்குப் போன் செய்தபோது நான் வெளியே உட்கார்ந்து கேட்டேன். “வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துடறேன்” என்றார் சார். இல்லாததை எப்படிக் கொடுப்பார்?

ஜூன் 19, வியாழன்

கிடைத்துவிட்டதாம்.

சாப்பாட்டு வேளை முடிந்து வந்தால் ஆபீஸில் ஒரே சிரிப்புச் சத்தம். சார் தாளை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தார். “எங்கயோ ஒளிஞ்சிருந்துதும்மா. புது சிஸ்டம்ல எதைத்தான் நம்பறது!” கண்ணைப் பார்க்கவில்லை. டபுள் கண்ணாடி கைதட்டினார்.

என் மேஜையில் உட்கார்ந்து ‘குளம் மண்’ என்று அடித்தேன். பூஜ்யம் போய் ஒன்று ஆகியிருந்தது. அது பிறந்த நேரம் — இன்று, நாங்கள் சாப்பிடப் போயிருந்தபோது. அதன் அளவைப் பார்த்தேன், பாறை வேலையின் ரிப்போர்ட் அளவைப் பார்த்தேன். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. திறந்து பார்த்தால், முதல் பக்கத்தில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்.

திரையைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். நல்ல வேளை. சாயங்காலம் கம்ப்யூட்டர்காரர் வந்து எல்லா மேஜையிலிருந்தும் அந்த மென்பொருளை எடுத்துவிட்டார். “வைரஸ் வருமாம், சார் சொல்லச் சொன்னாரு” என்றார் மெதுவாக. தேடிப் பார்த்தேன். வளையம் சுற்றுகிறது.

ஜூன் 20, வெள்ளி

போனில் எடுத்த படத்தை அத்தானிடம் காட்டினேன். “பெரிய இன்ஜினியர், தொட்டி வெச்சா தாங்கும்னு கையெழுத்து போட்டுக் குடுக்கறாரு. நீ ஓசி சாஃப்ட்வேர் சொல்லுதுங்கற” என்றார். அக்கா போனைக் கையில்கூட வாங்கவில்லை. அதுதான் சுருக்கென்றது. அப்புறம் சொன்னாள்: “சங்கத்துல எல்லாரும் என்னைப் பாத்து சிரிக்கறாங்கடி.”

நகராட்சிக் கட்டிடப் பிரிவுக்குப் போனேன். மனு எழுதிக் கொடுத்தேன். அங்கே இருந்தவர் பொறுமையாகவே கேட்டார். “மண் ரிப்போர்ட் இருக்கேம்மா. நேத்து சாயங்காலமே உங்க ஆபீஸ்ல இருந்து வந்துடுச்சு.” எடுத்துக் காட்டினார். போனில் எடுத்த படத்தை நீட்டினேன். பார்த்தார், நெற்றியைத் தேய்த்தார். ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்கிறேன், அடுத்த மாதம் ஆகும் என்றார்.

வேலையை விட்டுவிட்டேன். சார் ‘யோசிச்சு சொல்லு’ என்றார். அவர் குரலில் கெஞ்சல் இருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

மழை ஆரம்பித்துவிட்டது. காலையில் நான் கடைக்குப் போய்விட்டு வருவதற்குள் அக்காவும் மற்றவர்களும் மெத்தைகளைச் சுருட்டி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். சொல்லிக்கொள்ளவில்லை. சமையலறையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

வீடு வெறிச்சென்று இருக்கிறது. நான் சொன்னது தப்பாக இருக்கட்டும். என்னைப் பைத்தியம் என்று ஊரே சொல்லட்டும், நான் இருந்துவிட்டுப் போகிறேன். எனக்கு என் அக்கா வேணும், அவ்வளவுதான்.

ஜூன் 24, செவ்வாய்

அக்கா வீட்டு ஹாலில் உட்கார்ந்து எழுதுகிறேன். பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். கதவைத் திறந்தவள் ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு “வா, சாப்பிட்டியா?” என்றாள். கோபம் தீர்ந்து வந்துவிட்டேன் என்று நினைக்கிறாள். நினைத்துக்கொள்ளட்டும். அங்கே தனியாக உட்கார்ந்துகொண்டு மணிக்கொரு தடவை போன் செய்வதைவிட இது மேல்.

வாசல் கதவை ஒட்டி என் பாயை விரித்திருக்கிறேன். பிள்ளைகளின் செருப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். நான் “ஓடு” என்றால் யார் முதலில் படியில் இறங்குவது என்று பெரியவனுக்கு ஒரு விளையாட்டுச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு தடவை ஜெயித்தான். சின்னதைத் தூக்கிக்கொண்டு நான் இறங்கிப் பார்த்தேன். மூச்சு வாங்குகிறது, ஆனால் முடியும். அக்கா வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

மழை விடவில்லை. மேலே மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது. புதுத் தொட்டிக்கு இன்றைக்குத்தான் முதல் தண்ணீராம், நிரம்ப இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்கிறார் அத்தான்.