கொல்லை வீட்டுக்கு உன் அப்பா குடிவந்தது

ரான்ஃபர்லி
ஆகஸ்ட், செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் கிர்ஸ்டிக்கு அம்மா எழுதுவது. நீ கால்கரியில் வேளைக்குச் சாப்பிட்டு, தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். அங்கே உனக்குக் கோடை, இங்கே எங்களுக்குக் கடுங்குளிர், ஆனாலும் நான் சுகம். உன் அப்பாவைப் பற்றி அந்த வார்த்தையை இப்போதைக்கு எழுத முடியவில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நான் போனை எடுத்தாலே அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், உனக்கே தெரியும். பதறாமல் கடைசிவரை படி. நடந்ததை நடந்தபடியே சொன்னால்தான் உனக்கும் புரியும், எனக்கும் மனசு ஆறும்.

போன குளிர்காலம் எனக்கு நிமோனியா வந்து டனீடின் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தேனே, அந்தப் பழைய வீட்டில் இன்னொரு குளிர்காலம் இருந்தால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார். அப்பா கேட்டால்தானே. "டாக்டருக்கென்ன, ஹீட்டர் பக்கத்துல உக்காந்துக்கிட்டு சொல்லுவாரு. கம்பளி ஜெர்சி மேல இன்னொரு ஜெர்சியப் போடு க்ளென், எல்லாம் சரியாயிடும்" என்றார். அவருடைய அப்பா கட்டிய வீடு, அதில் ஒரு குறை சொல்லக்கூடாது. ஜன்னலுக்கு உள்பக்கம் பனிக்கட்டி படிந்திருந்தாலும் நல்ல காற்றோட்டம் என்பார். நான் வாயை மூடிக்கொண்டு ஜனவரிவரை பொறுத்தேன். கொல்லையில் சின்ன வீடு கட்ட அனுமதிக்கு அலைய வேண்டாம், எழுபது சதுர மீட்டருக்குள், ஒரே தளமாக, வேலியிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, உரிமம் உள்ள ஆள் கட்டினால் போதும், கவுன்சிலுக்கு முன்கூட்டித் தகவல் கொடுத்துவிட வேண்டும் என்று சட்டம் தளர்ந்ததோ இல்லையோ, நான் போய் ஹேமியைப் பிடித்தேன். உன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஹேமிதான், இப்போது நல்ல பேர் எடுத்த கொத்தனார், தச்சர், எல்லாம். கோழிக்கூடு இருந்த இடத்தில் தரை போட்டான். இரண்டு பலகைக்கு நடுவே கனமான நுரை வைத்து ஒட்டிய சுவர்கள் லாரியில் வந்து இறங்கின. அப்பா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்த அந்த வாரத்துக்குள்ளேயே சுவரும் கூரையும் நின்றுவிட்டன. வந்து பார்த்தவர், "மீனுக்கு ஐஸ் போட்டு வைக்கிற பெட்டியா இது? நான் என்ன மீனா, கெட்டுப்போகாம வைக்கிறதுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். கொல்லையில் கட்டுகிற இந்த மாதிரிச் சின்ன வீட்டை ஊரில் எல்லாரும் பாட்டி வீடு என்றுதான் சொல்கிறார்கள். என்னைப் பாட்டியாக்க வேண்டியவள் கனடாவில் இருக்கிறாள் என்று சொல்லி வைத்தேன். உன்னைக் குத்திக்காட்டவில்லை, சும்மா சொன்னேன்.

மே மாதம் நான் குடிபோனேன். அவர் வரவில்லை. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திவிட்டு க்ளெனிஸ் புருஷனை விட்டு வந்துவிட்டாள், அதுவும் கொல்லைக்கு என்று கடைவீதியில் ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன், உள்ளுக்குள் எரிந்தது. சாயங்காலம் விருந்தாளி மாதிரி கதவைத் தட்டுவார், கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சூப்பைக் குடிப்பார், நெற்றியில் வேர்க்கும், எழுந்து போய்விடுவார். ஒருநாள் உள்ளே மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தது, ஜன்னலெல்லாம் வேர்த்துவிட்டது. ஹேமியைக் கூப்பிட்டேன். காற்று இடுக்கில்லாமல் கட்டிய வீடல்லவா, உள்காற்றை வெளியே தள்ளிப் புதுக்காற்றை உள்ளே விட ஒரு மெஷின் இருக்கிறது. அது கரண்ட்டைத் தின்கிறது என்று உன் அப்பா அதன் வாயில் காலுறையை அடைத்துவிட்டுப் போயிருக்கிறார். "வீட்டோட மூக்குலயே சாக்ஸத் திணிச்சிட்டீங்களே நோயல், பாவம் அது எப்படி மூச்சு விடும்?" என்று ஹேமி கேட்க, அப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் குடிவரவில்லை. சரியான வீம்பு பிடித்த மனுஷன் என்று நான் வெதுவெதுப்பாகப் படுத்துக்கொண்டு அழுதேன். ஜூலையில் அணைத் தண்ணீர் உறைந்து, ஆண்களெல்லாம் பனிமேல் சறுக்கிவிட்டு ஆடுகிற கர்லிங் கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இவர் முழங்கால் வலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். பனி எப்போது கெட்டியாகும் என்று சின்னப் பிள்ளை மாதிரி காத்திருக்கிற ஆள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மூன்று வாரம் முன்னால் பழைய வீட்டில் குழாய் உறைந்து வெடித்துவிட்டது. தலையிலிருந்து கால்வரை நனைந்து, பல்லெல்லாம் தந்தியடிக்க இங்கே வந்து நின்றார். ஈரத்தைக் கழற்றுங்கள் என்றேன். "காஞ்சிடும் விடு" என்று இரண்டு கையாலும் ஜெர்சியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இதென்ன அசட்டுத்தனம் என்று நானே பிடித்து இழுத்தேன், மேலே இருந்தது, அதற்குக் கீழே இருந்தது, அதற்கும் கீழே ஒன்று. கிர்ஸ்டி, உள்ளே உன் அப்பா பாதிதான் இருந்தார். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு, விலாவெல்லாம் எண்ணலாம் போல. "மூணு ஜெர்சிக்குள்ள எல்லாருமே குண்டுதான், க்ளென்" என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். ஏப்ரலில் இலை உதிர ஆரம்பித்ததிலிருந்தே சாப்பாடு இறங்கவில்லையாம், வயிறு சரியில்லையாம். ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "உனக்கு இப்பத்தான் மூச்சு சீரா வருது. இங்க வந்தா ஜெர்சியக் கழட்டணும், கழட்டினா நீ பாத்துடுவ. நீ இந்தக் குளிரத் தாண்டட்டும்னு இருந்தேன்" என்றார். வீம்பு என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், அந்த மனுஷனை. துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிவிட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

டனீடினில் எல்லாச் சோதனையும் ஆயிற்று. குடலில் கட்டி. அடுத்த மாதக் கடைசியில் அறுவை சிகிச்சை. வேறெங்கும் பரவினதாகத் தெரியவில்லை என்கிறார்கள், ஆனால் திறந்து பார்த்தால்தான் உறுதியாகச் சொல்வார்களாம். அதற்குள் கொஞ்சம் சதை போட வேண்டும். இப்போது இங்கேதான் இருக்கிறார், வெறும் பனியனோடு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, இவ்வளவு சூடு உடம்புக்கு ஆகாது என்று புலம்பிக்கொண்டே நான் சுடுகிற சீஸ் ரோலில் இரண்டு தின்கிறார். உன்னிடம் மூச்சுவிடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். "போன்ல ஒரு வார்த்தை சொன்னாலும் அவ வேலைய விட்டுட்டு ஓடி வந்துடுவா, வேணாம்" என்றார். போனில் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன், சொல்லவுமில்லை. தபாலைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

தைரியமாக இருக்கிற மாதிரி காட்டுகிறார். ஆனால் தூங்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்கிறார், கல்யாணமான நாளிலிருந்து செய்யாத காரியம். பயந்துபோயிருக்கிறார் கிர்ஸ்டி. நானும்தான். நீ வா. அறுவை சிகிச்சைக்கு முன்னாலேயே வந்துவிடு. இங்கே இரண்டாவது அறை சின்னதுதான், உனக்குக் கட்டில் போட்டு வைத்துவிட்டேன். நீ வந்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்பார், பதில் சொல்லாதே, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வை, அது போதும்.

மனசு கலங்கியிருக்கும்போது கார் ஓட்டாதே, விமான நிலையத்துக்கு டாக்சியில் போ. நீ நல்லபடியாக வந்து சேர வேண்டும், நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். ஒன்றை மறக்காதே, நான் எழுதியதாகச் சொல்லிவிடாதே. லீவு கிடைத்தது, வந்தேன் என்று சொல். அவர் நம்பமாட்டார். ஆனால் அதற்கு மேல் கேட்கவும் மாட்டார்.

முத்தங்களுடன்,
உன் அம்மா க்ளெனிஸ்