கையெழுத்துக்குப் பின்னால் நிற்பது

"ரீச்சர், எனக்குப் பிணை நிப்பியளோ?" என்று நீங்கள் கேட்ட கேள்வி இன்று காலை திரும்பி வந்தது, அண்ணை. என் மேசையில் நம் தமிழ்ச் சங்க மண்டபக் கதவின் திறப்பு கிடக்கிறது. அதே மரக்கட்டை கோத்த பழைய திறப்பு. அதன் கீழே கையெழுத்துக்காக ஒரு தாள்.

டென்மார்க்கின் ஹோர்சன்ஸில் சங்கத்துக்கு உங்களைப் பொருளாளராகத் தெரிவு செய்த அன்று எல்லோரும் கையுயர்த்தினோம். நீங்களோ உட்காரவில்லை.

"கை உயர்த்தினது காணாது. ரெண்டு பேர் பிணைக் கையெழுத்தும் வைக்கோணும்."

"என்னண்ணை, உங்களிலையே உங்களுக்கு நம்பிக்கை இல்லையோ?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"என்னை நம்புறன், தம்பி. என்ரை மறதியைத்தான் நம்பேல்லை."

அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பதை ஓகூஸ் நகருக்குப் போகும் ரயிலில் எனக்கு விளக்கினீர்கள். அமெரிக்காவில் கவுண்டி எனப்படும் மாவட்டங்களில் மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த பொருளாளரும் பிணைப் பத்திரம் கொடுத்துத்தான் பதவி ஏற்பாராம். முன்பெல்லாம் அயலவர்களே தங்கள் காணியை ஈடுகாட்டிக் கையெழுத்திட்டார்கள். அவர் தவறினால் இவர்கள் கட்ட வேண்டும். பிறகு அந்த வேலையைக் கம்பனிகள் கட்டணத்துக்குச் செய்யத் தொடங்கின. "கம்பனி நட்டத்தைக் கட்டும், ரீச்சர். ஆனால் காணியை வைச்ச அயலவன் தானே வந்து கணக்குக் கொப்பியைப் பார்ப்பான்" என்றீர்கள். வகுப்பில் நான் சொன்ன எந்த உதாரணமும் அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

அந்த இரண்டு பேரில் ஒருத்தியாக நான் கையெழுத்திட்டேன். அதன்பின் மாதந்தோறும் கொப்பியோடு எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். ஒருமுறை தேநீர் ஊற்றிக்கொண்டே "எல்லாம் சரியாத்தான் இருக்கும்" என்றேன். கொப்பியை என் பக்கம் தள்ளினீர்கள். "பாக்காமல் வைக்கிற கையெழுத்து எனக்கு வேண்டாம்."

பார்த்தேன். பொங்கல் விழாவுக்கு நகரசபை மண்டபத்தைப் பதிந்த கட்டணம் அங்கே எழுதப்பட்டிருக்கவில்லை. மண்டபத்தைப் பதியவே மறந்திருந்தீர்கள். பதிவுக்குக் கடைசி நாள் அது. மழைக்குள் இரண்டு சைக்கிள்களில் நகரசபைக்குப் போய், கதவு பூட்ட முன் பதிந்தோம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் விழா மேடையில் நீங்களே சொன்னீர்கள்: "நான் மறந்துபோனன். ரீச்சர் பாத்தபடியால்தான் இண்டைக்கு இஞ்சை பொங்குறம்." அன்று உங்கள் மீதிருந்த மதிப்பு ஒரு பிடி கூடியது.

நீங்கள் இல்லாத இந்த வருடம் உங்கள் மகளைப் பொருளாளராகத் தெரிவு செய்திருக்கிறார்கள். டெனிஷ் மொழியிலேயே பதில் சொல்லிப் பழகிய பிள்ளை, இன்று காலை திறப்பையும் தாளையும் என் மேசையில் வைத்துவிட்டு, தமிழில் சொற்களைத் தேடித் தேடிக் கேட்டாள்: "அப்பாக்கு நிண்ட மாதிரி எனக்கும் நிப்பீங்களா, அன்ரி?"

"ஓம், நிப்பன். மாசாமாசம் கொப்பியோடை வரவேணும்."

"என்னை நம்பேல்லையா?"

"நம்புறன். அதாலைதான் பாக்கப்போறன்."

சிரித்தாள், அண்ணை. உங்கள் சிரிப்பு.

அவளுக்காகக் கையெழுத்திட்டுவிட்டேன். இதை வாசிப்பவர்களுக்கும் ஒன்று: நீங்கள் கையுயர்த்தித் தெரிவு செய்த ஒருவரிடம் இந்த வாரம் போய், கொப்பியைக் கேட்டு வாங்கி, ஒரு பக்கத்தை முழுதாக வாசித்துப் பாருங்கள்.