சித்தி என்றாள்

நவம்பர் 14, வெள்ளி

எங்கள் ஜெபக் குடியிருப்பில் பெண்கள் எல்லோரும் பிள்ளைகளுக்குச் சித்திதான், பெற்றவளும். அந்தச் சட்டத்துக்கு நானும் கைதூக்கியவள்.

இன்று பிள்ளைகளுக்குத் தலைசீவும் முறை எனக்கு. மகள் எஸ்தர் வந்து உட்கார்ந்ததும், "அம்மாட்ட பேச மாட்டியாட்டி?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் கதவைப் பார்த்தாள். "பைய பேசுங்க சித்தி. அம்மான்னு கூப்பிட்டதுக்குத்தான் ரூபிய ஏரல் குடியிருப்புக்கு அனுப்பிட்டாவ."

அவள் தோழி ரூபி காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்றல்லவா குடியிருப்பை நடத்தும் அண்ணாச்சி எங்களிடம் சொன்னார்!

மாலை ஜெபத்தில் எஸ்தர் இல்லை. நான் வாய் திறக்கும் முன்பே அண்ணாச்சி சொன்னார்: "எஸ்தருக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா. எல்லாரும் ஜெபிப்போம்."

காலையில் அவள் நெற்றி சில்லென்று இருந்தது.

எல்லோரோடும் சேர்ந்து நானும் ஆமென் சொன்னேன்.