இடப்பக்கத்து அம்புகள்

ஜூலை 8, திங்கள்

காலையிலிருந்து சாரல். எந்தத் துணியும் காயவில்லை. தென்காசியில் வீடு இருந்தால் குற்றால சீசனில் அது வீடு இல்லை, லாட்ஜ். இந்த வருஷம் சிவகிரி அத்தை, அவள் மகள், மருமகன். என் அறை அவர்களுக்கு. நானும் லேப்டாப்பும் மாடிப்படி வளைவில்.

ஆய்விதழிலிருந்து கட்டுரை திரும்பி வந்திருக்கிறது. முதல் நடுவருக்கு எழுத்துப்பிழைதான் கவலை. இரண்டாமவருக்கு ஒரே கேள்வி. படம் மூன்றின் இடப்பக்கத்தைக் கணக்கிட்டீர்களா, வலப்பக்கத்தைத் திருப்பி வரைந்தீர்களா?

திருப்பித்தான் வரைந்தேன்.

பதில் வெள்ளிக்குள். இந்தக் கட்டுரை ஏறினால்தான் பிஎச்.டி. தீசிஸ் கொடுக்க முடியும். உதவித்தொகை வேறு நின்றுவிட்டது.

ஜூலை 9, செவ்வாய்

மழை. கரண்ட் போய்ப் போய் வருகிறது.

எனக்கே தெளிவாக வேண்டும், அதனால் எழுதிப் பார்க்கிறேன். அடியில் கோபால்ட். அதன்மேல் ஓர் அடுக்கு தங்கம். அதன்மேல் ஒரே அணு கனத்தில் கார்பன் தாள், அதாவது கிராஃபீன். அதில் ஓடும் எலக்ட்ரான்கள் ஸ்பின்னைப் பொறுத்து (ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம், அதன் திசையைப் படத்தில் அம்பாகப் போடுவோம்) இரண்டு ஆற்றலாகப் பிரிகின்றன. பிரிப்பது யார்? தங்கம் என்றால், எலக்ட்ரான் எதிர்த்திசையில் ஓடும்போது ஸ்பின் அம்பும் எதிராகத் திரும்ப வேண்டும். கோபால்ட்டின் காந்தம் என்றால், எந்தப் பக்கம் ஓடினாலும் அம்பு ஒரே பக்கம். படத்தின் வலப்பக்கம் ஒரு திசை ஓட்டம், இடப்பக்கம் அதன் எதிர்த்திசை. தங்கம் என்பது நாங்கள் சொன்னது. தலைப்பே அதுதான்.

முன்பு வெறும் தங்கத்தின்மேல் செய்தபோது பாதிக் கணக்கே போதுமாக இருந்தது. மறுபாதி தானாக வரும். அதே பழக்கத்தில் இங்கேயும் பாதியோடு நிறுத்தியிருக்கிறேன். காந்தம் இருக்கும் இடத்தில் அந்தச் சலுகை கிடையாது. ஜூனியர்களுக்கு இதைப் பாடமாக எடுத்தவளே நான்தான். என்ன புத்தியோ.

கைடுக்குப் போன்.

"ரெண்டு பக்கமும் சமச்சீர்னு ஒரு வரி எழுதிருங்கம்மா. கணக்க முழுசா ஓட்ட நேரம் எங்க இருக்கு?"

"கோபால்ட் இருக்கே சார். அந்த வரி நிக்காது."

"ஓட்டி, வேற மாதிரி வந்துட்டா?"

"வந்தா வரட்டும் சார்."

போனை வைத்த பிறகுதான் பயம் வந்தது. நெட் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மட்டும் கிடைக்கிறது. மொட்டைமாடியில் குடை பிடித்துக்கொண்டு, நிறுவனத்துப் பெரிய கம்ப்யூட்டருக்குக் கணக்கை அனுப்பினேன். இடப்பக்கம் முழுவதும். ஓடட்டும்.

ஜூலை 10, புதன்

வாங்க வேண்டியது: தேங்காயெண்ணெய், கொசுவத்தி, மருமகனுக்குப் பார்டர் பரோட்டா (செங்கோட்டை வரை யார் போவது?).

கணக்கு இன்னும் ஓடுகிறது. எல்லாரும் குற்றாலம் கிளம்பினார்கள். நான் வரவில்லை என்றதும் அத்தைக்குக் கோபம்.

"ஏட்டி, அங்கன தண்ணி அப்படி விழுது. நீ இதுக்குள்ள என்னத்தத்தான் பாக்கே?"

"மெயினருவியில ஆம்பளைய ஒரு பக்கம், பொம்பளைய ஒரு பக்கம்னு போலீசு பிரிச்சு விடுதாம்லா அத்த? எலக்ட்ரானையும் ஒருத்தன் அப்படிப் பிரிக்கான். யாருன்னு பாக்கேன்."

"பாத்து?"

"பேர எழுதணும்."

"ஒரு போலீசு பேர எழுதவா இத்தன வருசம் படிக்கே?"

அம்மா அடக்க முடியாமல் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் எரிச்சலோடு.

ஜூலை 11, வியாழன்

வந்துவிட்டது. இடப்பக்கத்து அம்புகள் திரும்பவில்லை. வலப்பக்கம் எப்படியோ அப்படியே. கோபால்ட்.

தலைப்பு போச்சு. படம் மூன்று பொய். படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அம்மா காபியை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நல்லவேளை.

மத்தியானம் மறுபடி பார்த்தேன். அம்புகள் சரி, பிரிந்த இரண்டு ஆற்றலுக்கும் நடுவே உள்ள இடைவெளி? வலப்பக்கம் கொஞ்சம் அகலம், இடப்பக்கம் கொஞ்சம் குறுகல். கோபால்ட் மட்டும்தான் என்றால் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். இது எங்கிருந்து வந்தது? கணக்கின் பிசிறா, தங்கமா?

கணக்கில் கோபால்ட்டின் காந்தத்தைத் தலைகீழாகத் திருப்பி ஓட்டினால் தெரியும். தங்கம் என்றால் அகலம் இடப்பக்கம் மாறும். மாறாவிட்டால் பிசிறு. மறுபடி மாடி, குடை, தொட்டி. இந்தத் தடவை எதையும் திருப்பி வரையப் போவதில்லை.

ஜூலை 12, வெள்ளி

லேசான வெயில். மாறியிருக்கிறது! அகலம் இடப்பக்கம் வந்துவிட்டது. தங்கத்தின் பங்கு சின்னது. ஆனால் இருக்கிறது.

இரண்டு படங்களையும் சாருக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன்.

"தலைப்பு போச்சேம்மா."

"ஆமா சார்."

"சின்ன முடிவா ஆயிடும்."

"சின்னதுதான் சார். யார் கேட்டாலும் நிக்கும்."

"சரி, மாத்துங்க. இன்னைக்கே முடியுமா?"

முடியும் என்றேன். மருமகனை என் அறையிலிருந்து கிளப்பினேன், மேசை வேண்டும். இரண்டாம் நடுவருக்குப் பதிலின் முதல் வரி: "இடப்பக்கத்தை நாங்கள் கணக்கிடவில்லை, திருப்பி வரைந்திருந்தோம். இப்போது கணக்கிட்டோம். எங்கள் முடிவு தவறு."

சாயங்காலம் அனுப்பியாச்சு. ஏற்பார்களா, தெரியாது.

அத்தை வாசலில், அருவிக்குக் கிளம்பி, கையில் எண்ணெய்க் கிண்ணம். "ஏட்டி, போலீசு பேரு கிடைச்சுதா?"

"ரெண்டு போலீசு அத்த. பெரியவன விட்டுட்டு, சின்னவன் பேர மட்டும் எழுதி வச்சிருந்தேன்."

"அப்பம் அழிச்சிட்டு எழுது."

"எழுதிட்டேன்."

நானும் அருவிக்குப் போகிறேன். துண்டு எங்கே வைத்தேன்?