துக்க வண்டியின் வைக்கோல்

என் கையைப் பிடித்துக்கொண்டு இந்தத் தங்கவயலுக்கு வந்த தம்பி முனுசாமிக்கு,

எல்லைச் சாவடிச் சுவரில் புது உத்தரவு ஒட்டிவிட்டார்கள். எழுத்துக் கூட்டி நானே படித்தேன். இனி மைசூர் சீமைக்குள் வரும் எல்லா வண்டியையும் துப்பாக்கிக்காகச் சோதிப்பார்களாம், துக்க வண்டியையும் சேர்த்து. துரைமார் வண்டியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைக் கேட்காமல் நான் விடப்போவதில்லை.

நீ செத்த பிறகு வந்த சட்டம். இதற்கு யாருக்கு நன்றி சொல்வது?

அப்பாவை நம் சொந்த ஊரான வட ஆற்காட்டுக்குக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டுத் திரும்பினோமே, நினைவிருக்கிறதா? பிணம் கிடந்த வைக்கோலை அதே வண்டியில் திருப்பிக் கொண்டுவந்து லயன் குடியிருப்புக்கு வெளியே எரிப்பது நம் வழக்கம். அதுவரை அதை யாரும் தொடக்கூடாது. சாவடி ஜவான் தடியால் கிளற வந்தான். நான் வண்டிக்குக் குறுக்கே படுத்துவிட்டேன். ஊரிகம் சுரங்க லயனே என் பின்னால் நின்றது. அன்று முதல் துக்க வண்டியை அவர்கள் நிறுத்துவதில்லை. எவ்வளவு பெருமைப்பட்டேன்!

பிறகு அந்த வைக்கோலுக்கு அடியில்தான் கள்ளத் துப்பாக்கிகள் வந்தன. அதில் ஒன்றால்தான், ஷிப்டுச் சண்டையை விலக்கப்போன உன்னைச் சுட்டார்கள். விசாரணையில் வண்டிக்காரன் அதைச் சொன்னபோது நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் உத்தரவை எதிர்த்து லயன்காரர்கள் மனு கொண்டுவந்தார்கள். உன் மச்சான் கோவிந்தன் முன்னால் நின்றான்.

"கையெழுத்துப் போடு மாமா. அன்னிக்குக் குறுக்கே படுத்தது நீதானே?"

"நான்தான்டா. அதனாலதான் போடமாட்டேன்."

"இன்னா மாமா, பொணம் கெடந்த வைக்கோலைக் கண்டவன் தொடுறதா?"

"தொடட்டும். அன்னிக்கே தொட்டிருந்தா உங்க அக்கா தாலி நின்னிருக்கும்."

"உன் சாவுக்குத் தோள் குடுக்க ஒருத்தனும் வரமாட்டான், பாத்துக்கோ."

உன் மனைவி கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை. வருமா, சொல்.

ஜவானின் தடி படவேண்டாம், நானே பார்க்கிறேன் என்று சாவடியில் கேட்டு அனுமதி வாங்கினேன். நேற்று முதலாவது துக்க வண்டி வந்தது. தாயைப் புதைத்துவிட்டு வந்தவர்கள். இரண்டு கையாலும் கிளறினேன். ஒன்றுமில்லை, வெறும் வைக்கோல். மகன் என் முகத்தில் துப்பினான். துடைத்துக்கொண்டேன்.

கால் நடக்கும்வரை ஒவ்வொரு துக்க வண்டிக்கும் போய் நிற்பேன், தம்பி. துப்புகிறவர்கள் துப்பட்டும்.

அந்த வழியைத் திறந்துவிட்ட உன் அண்ணன்,
வரதன்