கவிழ்ந்து கிடந்த ஜாம் பாக்கெட்

அன்பு மகள் கொரினுக்கு அப்பா எழுதுவது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர எல்லாம் சௌக்கியம், அலாஸ்காக் குளிரில் உன் மூக்கு இன்னும் முகத்தோடுதான் இருக்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். அவள் தக்காளி நாற்று விட்டிருக்கிறாள், வழக்கம்போல அணில்களுக்காக.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது எங்கள் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து அந்த ட்வைலா புராணம் பாடினாயே, அது இன்னும் என் காதைக் குடைகிறது. பத்தொன்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமைக் காலையில் முட்டை போடுகிற அடுப்புக் கல் முன்னால் நிற்கிறவன் நான். பரிமாறுகிற பெண்கள் கத்துகிற பதினெட்டு ஆர்டரையும் துண்டுச் சீட்டு இல்லாமல் மண்டையிலேயே வைத்துப் போடுவேன், ஆறாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனுக்கு வேறென்ன பட்டம் இருக்கிறது சொல். நேற்று சமையலுக்கு வந்தவள் இந்த ட்வைலா, ஆர்டர் காதில் விழுந்ததும் காலித் தட்டின் ஓரத்தில் மேஜைக்குத் தருகிற குட்டி ஜாம் பாக்கெட் ஒன்றை வைக்கிறாள், நிமிர்ந்திருந்தால் முட்டைப் பொடிமாஸ், கவிழ்ந்திருந்தால் ஆஃப்பாயில், கூட வெண்ணெய்த் துண்டு இருந்தால் இறைச்சியும் உண்டு. அதோடு எல்லாவற்றையும் மறந்துவிட்டு விசிலடிக்கிறாள். நீயோ, "அப்பா, மண்டைய எதுக்கு மூட்டை தூக்க விடுறீங்க, தட்டு தூக்கட்டுமே" என்றாய். பெற்ற பெண்ணே கட்சி மாறினால் வயிறு எரியாதா கண்ணு? அதற்குமேல் அவளுக்கு நீ வாழ்த்து அட்டை வேறு அனுப்பியிருக்கிறாய், அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள், முட்டை எடுக்கப் போகும்போதெல்லாம் அது என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

போன ஞாயிறு நடந்ததைக் கேள். முதலாளி ப்ரூயிட் காலையிலேயே சொல்லிவிட்டார், இன்றைக்கு ரெண்டு பேரும் நில்லுங்கள், யாருடைய தட்டு திரும்பி வரவில்லையோ இனி ஞாயிற்றுக்கிழமைக் கல் அவருக்கே என்று. சர்ச் விட்டுக் கூட்டம் கொட்டியது. ட்வைலா முட்டை எடுக்கப் போன நேரம் பார்த்து, அவள் வரிசையிலிருந்த ஒரு தட்டில் பாக்கெட்டைக் கவிழ்த்துவிட்டேன். குசும்பு என்று சொல்லலாம், ஆனால் பொறாமைதான், உன்னிடம் என்ன மறைக்க. பத்து நிமிஷத்தில் லாரிக்காரர் ஒருவர், நான் பொடிமாஸ்தானே கேட்டேன் என்று ஆஃப்பாயிலைத் திருப்பி அனுப்பினார். சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். அப்போது பரிமாறுகிற பெண் பானி, "டெல்பர்ட், அது உனக்குக் கத்துன ஆர்டர்ப்பா, உனக்குக் காது கழண்டுடுச்சா" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ட்வைலா பக்கத்தில் வந்து, "அண்ணே, ரெண்டு வாரமா நீங்க ஒண்ணு ரெண்டு தவற விடுறீங்க, அதான் உங்களுதையும் தட்டுல குறிச்சு நானே போட்டுடறேன்" என்று கிசுகிசுத்தாள். அவள் தட்டு என்று நான் கவிழ்த்தது என் ஆர்டரையேதான்! முதலாளி வந்ததும், "என் கை பட்டுக் கவுந்துடுச்சு சார்" என்று பழியை அவளே வாங்கிக்கொண்டாள். பார், நல்ல மனசிலும் என்னை முந்திவிட்டாள்! அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கவிழ்த்தது நான்தான் என்று முதலாளியிடம் போய்ச் சொன்னேன், காபி சிந்தச் சிந்தச் சிரித்தார், சிரித்து முடித்துக் கல்லை அவளுக்குக் கொடுத்துவிட்டார்.

இப்போது நான் அவள் பக்கத்தில் நின்று பாக்கெட் வைக்கப் பழகுகிறேன். எழுத்துக் கூட்டத் தெரியாதவனும் இதை ஒரு காலையில் கற்றுக்கொள்ளலாம். வீட்டுக்கு வரும்போது மண்டை காலியாக இருக்கிறது, அம்மா வாங்கி வரச் சொன்ன சோப்புகூட மறக்கவில்லை, எனக்கு என்ன ஆயிற்றோ என்று அவள் பயந்துவிட்டாள். ஆனாலும் அந்தக் கழுதை விசிலடிக்கும்போது எரியத்தான் செய்கிறது.

குளிரில் காதை மூடிக்கொள், ராத்திரி வேலை என்று பட்டினி கிடக்காதே. கடவுள் உன்னை நன்றாக வைக்கட்டும். உறைக்குள் ஒரு திராட்சை ஜாம் பாக்கெட் இருக்கிறது, தின்றுவிடாதே, போன் பக்கத்தில் நிமிர்த்தி வை. அப்பாவைக் கூப்பிட்டுப் பேசியபிறகு கவிழ்த்து வை, அடுத்த ஞாயிறு மறுபடி நிமிர்த்து. ட்வைலாவுக்கு இன்னும் நீ போன் பண்ணவில்லை அல்லவா? அதிலாவது நான் முந்திக்கொள்கிறேன்.

வயிறெரிந்துகொண்டே வாழ்த்துகிற உன் அப்பா,
டெல்பர்ட்